நின்றபடியே பெண் பார்த்தார்கள்

பையனுடைய அம்மா உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார்.

"பரவால்லைங்க, நான் நிக்கறேன்."

"ஐயோ, மறைமலை நகர்ல இருந்து வண்டியில வந்திருக்கீங்க. உட்காருங்க சம்பந்தி" என்றாள் என் அம்மா. ஒன்றுமே முடிவாகவில்லை, அதற்குள் சம்பந்தியாம்.

"இருக்கட்டுங்க."

பையன் பிரேம் உட்காரத்தான் பார்த்தார். பாதி குனிந்திருப்பார்.

"டேய்!" என்றார் அவர் அம்மா கன்னியம்மா.

ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்த செல்போன் விழப் பார்த்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த சோபாவுக்காக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எங்கள் சேலையூரிலேயே யாரோ வீடு காலி செய்தபோது அப்பா மலிவாக வாங்கிவந்த சோபா அது. அக்காவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரக் கூடாதாம். வந்த வாரமே வீடு முழுக்க மூட்டைப்பூச்சி.

பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவள் நான்தானே? எல்லா வேலையும் என் தலையில். குஷனை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு, சட்டத்து இடுக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பஞ்சைத் திணித்து, தப்பி வந்ததை நகத்தால் நசுக்கி... சோப்பு போட்டும் விரலில் அந்த நாற்றம் போகவில்லை.

இன்று காலையில் பார்த்தால், குஷன் தையலில் இரண்டு ஊர்ந்துகொண்டிருந்தன.

"அம்மா, இன்னும் இருக்கு. பழைய நாற்காலியையே போட்டுடலாம்."

"வாயை மூடுடி. அரை மணி நேரத்துல என்ன கடிச்சிடப் போகுது?"

அப்பா சிரித்தார். "அவங்க துணியில நாலு ஏறிப் போனா நமக்கு நாலு குறைஞ்சுது."

பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் மாடி போர்ஷன் ஜெயசீலி அக்கா வீட்டுக்குப் போயின. சோபா மேல் பூப்போட்ட விரிப்பு. மண்ணெண்ணெய் வாடைக்கு ஒரு கொத்து ஊதுபத்தி.

இத்தனையும் செய்து வைத்தால், வந்தவர்கள் நிற்கிறார்கள். கைப்பையைக்கூட உள்ளே கொண்டுவரவில்லை. பைக் ஹேண்டிலிலேயே தொங்கியது.

"பையை உள்ள எடுத்து வைங்களேன்" என்றாள் அம்மா.

"வேணாங்க. அங்கயே இருக்கட்டும்."

அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"மாடியில குஷன் காய்ஞ்சது ஜெயசீலிக்குத் தெரியும். அவதான் போட்டுக் குடுத்திருக்கா."

"அவங்க இந்த ஆன்ட்டியைப் பார்த்ததே இல்லம்மா."

"அப்ப இந்தம்மாவுக்குத்தான் திமிரு."

அக்கா ஜெயப்ரியா காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பிரேம் போட்டோவைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். மூட்டைப்பூச்சி தேடும்போது நான்தான் கண்டுபிடித்தேன்.

காபி வந்தது. அதையும் நின்றபடியே குடித்தார்கள்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் போறியாமே கண்ணு?" கன்னியம்மா அக்காவிடம் நன்றாகத்தான் பேசினார். "இவனுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஒத்துக்குமா உனக்கு?"

அக்கா தலையாட்டினாள். பிரேம் காபியைக் குடிக்க மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சோபாவில் உட்கார்ந்திருந்தது அப்பா மட்டும்தான். ஒரு பக்கமாக நெளிந்தார். பிறகு மறுபக்கம். கடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. சொறியவும் முடியாத கோபம் வேறு வழியாக வந்தது.

"பொண்ணு பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. நின்னுக்கிட்டே வந்து நின்னுக்கிட்டே போனா தெருவுல என்ன பேசுவாங்க?"

"ஐயையோ, பொண்ணை ரொம்பப் பிடிச்சிருக்குங்க."

"அப்ப உட்காருங்க."

"அது மட்டும் வேணாம்ணா."

"ஏன், எங்க சோபாவுக்கு என்ன குறைச்சல்?"

"ஒரு குறையும் இல்லைங்க. நல்ல சோபாதான்..."

"பிரேம் தம்பி, நீங்களாவது சொல்லுங்க!"

பிரேம் வாயைத் திறந்தார். தன் அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அக்கா தட்டை வைத்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். அழுகிற சத்தம் ஹாலுக்கே கேட்டது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"ஆன்ட்டி, மூட்டைப்பூச்சிக்காகத்தானே உட்கார மாட்டேங்கறீங்க?"

அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள். நன்றாகவே கிள்ளினாள். அப்பா நெளிவதை நிறுத்திவிட்டார்.

கன்னியம்மாவின் முகம் செத்துப்போயிற்று. டம்ளரை ஜன்னல் ஓரம் வைத்தார். பிரேம் தரையைப் பார்த்தார்.

"யாரு சொன்னாங்க பாப்பா உனக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"மறைக்கணும்னு இல்லைங்கண்ணா. வெக்கமா இருந்துச்சு. இவன் போற கம்பெனி பஸ்சுல இருந்து எங்க வீட்டுக்கு வந்துச்சு. கட்டிலையே எரிச்சுப் பார்த்துட்டோம், ஒழியல. கல்யாணத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணி மருந்து அடிச்சுடறோம். இதுக்காகப் பொண்ணு இல்லைன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

உள்ளே அழுகைச் சத்தம் நின்றது.

"வாசல்லயே புடவையை உதறிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் ஒண்ணு ரெண்டு ஒட்டிக்கிட்டு இருக்குமில்ல? நாங்க பாட்டுக்கு உட்கார்ந்து, அது உங்க சோபாவுல ஏறிடுச்சுன்னா? சுத்தமா வெச்சிருக்கற வீட்டைக் கெடுத்துட்டுப் போறது பாவம் இல்லையாண்ணா?"