ஆள்காட்டி காத்த கல்

ஏரி வற்றிய பொட்டலில் ஆள்காட்டிக் குருவி ஒன்று வெறுந்தரையில் முட்டையிட்டு அடைகாத்தது. ஓணான் வந்தாலும் கத்தும், காற்றில் சருகு உருண்டாலும் கத்தும். பக்கத்து வளையில் இருந்த நண்டுக்குத் தூக்கமே போயிற்று. குஞ்சுகள் பறந்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று பொறுத்துக்கொண்டது.

குஞ்சுகள் பொரித்து, வளர்ந்து, பறந்தும் போயின. கத்தல் மட்டும் ஓயவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. போய்ப் பார்த்ததும் அதற்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குருவியின் வயிற்றடியில் ஒரு கூழாங்கல் இருந்தது.

“அக்கா, இது கல்லு!”

“தெரியும்.”

“உங்க பிள்ளைங்க பறந்து போயாச்சு!”

“அதுவும் தெரியும் தம்பி. காலையில பார்த்துட்டுத்தான் வந்தேன். நல்லா இருக்காங்க.”

“அப்புறம் எதுக்கு இந்தக் கத்தல்?”

“கத்தாம இருந்து பார்த்தேன். நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ஏதோ வரப்போகுதுன்னே இருக்கு. என்ன வரப்போகுதுன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல.”

நண்டின் கோபம் போன இடம் தெரியவில்லை. உயர்த்திய கொடுக்கு தானாகக் கீழே இறங்கியது.

“பாவம், பிள்ளைங்களைக் காத்துக் காத்து இப்படி ஆயிட்டீங்களே!”

குருவி அந்தக் கல்லை அலகால் மெல்லத் திருப்பி வைத்தது.

“இல்ல தம்பி. பிள்ளைங்க நடுவுல வந்தவங்க. முட்டையிடுறதுக்கு முன்னாடியே நான் இந்தக் கல்லைக் காத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”