பன்னு ஜிம்முக்குப் போகிறார்

"என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில உசுருக்குப் போராடிட்டிருக்காரு. நீ இங்க உட்கார்ந்து முட்டை உரிச்சிட்டிருக்கியா அண்ணா?"

தங்கை வாசலில் நின்றபடியே கேட்டாள். பேக்கரிக்காரர் நிமிரவில்லை. உரித்த முட்டையைப் பிட்டு, வெள்ளைக்கருவை மட்டும் தட்டில் வைத்தார். பக்கத்தில் ஒரு கிண்ணம் அவித்த பயறு, கொஞ்சம் தயிர்.

தெருவே 'பன்னு' என்று கூப்பிடும் ஆள் அவர். சொந்த அடுப்பில் வெந்ததையெல்லாம் ருசி பார்த்துப் பார்த்தே வளர்த்த தொப்பை. அப்படிப்பட்டவர் கொஞ்ச நாளாகத் தன் கடை ரொட்டியைத் தொடுவதே இல்லை. விடிந்தால் ஜிம், சாயங்காலம் நடை.

தங்கையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கல்லீரல் கெட்டு, கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்துப் படுத்திருந்தார். உறவில் யாராவது தங்கள் கல்லீரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பார் என்றார்கள் டாக்டர்கள்.

அவளுடைய ரத்த வகை பொருந்தவில்லை. கொழுந்தனார் இருவரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள். அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்க அவளுக்கு நா எழவில்லை. அவராகவே சொல்வார் என்று காத்திருந்தாள். அவரோ வாயைத் திறக்கவில்லை. ஜிம்மில் சேர்ந்ததுதான் மிச்சம்.

அண்ணி குறுக்கே வந்து சமாதானம் சொன்னாள். சும்மா உட்கார்ந்திருக்கிறவரைவிட எடை தூக்குகிறவருக்குப் புரதச் சத்து கூடுதலாக வேண்டுமாம். உடம்பை இளைக்கவைக்கும்போது அது போதவில்லையென்றால் கொழுப்போடு சதையும் சேர்ந்து கரைந்துவிடுமாம். அதனால்தான் வேளைக்கு வேளை முட்டை, பயறு, தயிர் என்று டயட்டீஷியன் பிரித்துக் கொடுத்திருக்கிறாராம்.

"இந்தப் பாடமெல்லாம் எனக்கு எதுக்கு அண்ணி?" என்றாள் தங்கை. "அவருக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்புறம் இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

பேக்கரிக்காரர் தட்டைப் பார்த்தபடி, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றார்.

அவள் விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பேச்சுவார்த்தையே இல்லை. ஆஸ்பத்திரிக்கு அவர் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாரத்துக்கு வாரம் அவருக்குத் தொப்பை வற்றியது, தோள் இறுகியது, நடையில் ஒரு மிடுக்கு வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. எரியும் வீட்டில் குளிர்காய்கிற ஜென்மம் என்று பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் சொல்லி அழுதாள்.

ஒரு நாள் காலையில் டாக்டர் அவளைக் கூப்பிட்டார். கல்லீரல் கொடுக்க ஒருவர் முன்வந்திருக்கிறார், எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டார், நாளைக்கே ஆபரேஷன் என்றார்.

அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "யாரு டாக்டர் அந்த மகராசன்? நான் அவரைக் கையெடுத்துக் கும்பிடணும்."

"இப்பதான் சொல்லச் சொன்னாரு. மேல் மாடியில கடைசி ரூம்."

கொழுந்தனார்களில் யாரோதான் மனசு மாறியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படியேறினாள். கதவைத் தள்ளினாள்.

ஆஸ்பத்திரி உடுப்பில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் பேக்கரிக்காரர்.

அண்ணிதான் பேசினாள். "முதல் வாரமே இங்க வந்து நின்னாரும்மா. கல்லீரல் பூராவும் கொழுப்பா இருக்கு, இப்படியே எடுக்க முடியாது, உடம்பைச் சரிபண்ணிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்குத்தான் இத்தனை பாடும்."

தங்கை அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. என்னவெல்லாம் பேசிட்டேன்."

"சொல்லியிருந்தா நீ என்னையே நம்பி உட்கார்ந்திருப்ப. கொழுப்பு கரையலன்னு மறுபடியும் திருப்பி அனுப்பியிருந்தா?" அவர் அவள் தலையைத் தடவினார். "நீ என்மேல கோவமா இருக்கறதைத் தாங்கிக்கலாம்மா. நம்பி ஏமாந்து நிக்கறதைத்தான் என்னால பாக்க முடியாது."