தலை மட்டும்

நாற்பத்தொரு நாட்களாகத் தேவாலயத்தில் பேஸ் கிட்டார் ஒலிக்கவில்லை.

நாற்பத்தொன்று. அந்தக் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி ஒரு நொடிக்கு அத்தனை முறைதான் அதிரும்.

இசைக்கருவிக் கடையின் மூலையில், முக்காலி நுனியில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அது தோன்றியது. பக்கத்தில் நின்ற ஜெபசிங் அண்ணனிடம் சொல்லவில்லை.

பாடகர் குழுவை நடத்துபவர் அவர். கீபோர்டும் அவரே. அவள் பாடுவது கடைசி வரிசையில். “வாயத் தொறந்து பாடு பிள்ளே, கொசு போயிராது” என்று வாராவாரம் சீண்டுவார். இன்று அவளை அழைத்து வந்தது பாடுவதற்கல்ல.

“பிசிக்ஸ் படிச்ச பிள்ள. ஓம்ஸ் கீம்ஸெல்லாம் பாத்துச் சொல்லும்” என்றார் கடைக்காரரிடம்.

பேஸ் வாசித்த ரூபன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டான். கிட்டாரும் ஸ்பீக்கர் பெட்டியும் சபைக்குச் சொந்தம். பெட்டியின் மேல் உட்காரும் ஆம்ப்ளிஃபயர் மட்டும் அவனுடையது. போகும்முன் விற்றுவிட்டான். கடைகளில் அதை ஹெட் என்பார்கள்.

“அப்பத் தலை மட்டும் போதும். முண்டம் எங்க சார் இருக்கு?” என்றார் கடைக்காரர்.

“கோயில்ல கெடக்கு. நாலு பேரு தள்ளினாலும் நகராது.”

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கத் தொடங்குவதற்குள் சிரிப்பு முடிந்துவிட்டது.

மேசையில், கடையின் ஸ்பீக்கர்களோடு இணைத்தபடி இரண்டு ஹெட்கள். ஒன்று சூட்கேஸ் போலப் பெரியது. மற்றது டிபன் பாக்ஸ் அளவு.

கடைக்காரர் ஒரு பேஸ் கிட்டாரைச் சுவரிலிருந்து இறக்கி, பெரியதில் சொருகி, அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் கீபோர்டு கட்டையை அழுத்துவதுபோல ஒற்றை விரலால் மிகத் தடித்த கம்பியைத் தட்டிவிட்டார்.

ஒலி காது வழியாக வரவில்லை. முக்காலியின் கால் வழியாக வந்தது. முதுகெலும்பில் ஏறியது.

சுவரில் தொங்கிய மற்ற கிட்டார்கள், யாரும் தொடாமலே, மெல்ல முனகின.

அந்த அலையின் நீளம் எட்டு மீட்டர். கடை அவ்வளவு நீளமில்லை. ஒரு பகுதி இப்போது தெருவில் நின்றுகொண்டிருக்கும். பூ கட்டுகிறவளின் காலடியில். நிறுத்திவைத்த ஆட்டோவின் பின்சீட்டில், யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல.

அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

இரண்டு வருடமாக, பாட்டுப் பயிற்சி நாளில் தேவாலயத்துக்கு எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவாள். நாற்காலி போட என்று சொல்லிக்கொள்வாள். பின்னறையில் சபையின் கிட்டாரை எடுத்து மடியில் வைப்பாள். எதிலும் சொருகமாட்டாள். சொருகாத பேஸ் கிட்டாருக்குக் குரலே கிடையாது. அதன் மரத்தில் தாடையை அழுத்திக்கொள்வாள். அப்போது எல்லாம் கேட்கும். ஒவ்வொரு பாட்டும் அப்படித்தான் கைக்கு வந்தது.

அவள் வாசித்ததை அவளுடைய தாடை எலும்பைத் தவிர யாரும் கேட்டதில்லை.

“இதத் தூக்கிப் பாரும்மா” என்று சின்னதை அவள் கையில் வைத்தார் கடைக்காரர்.

இரண்டு கிலோகூட இருக்காது. இவ்வளவு லேசான ஒன்றா அந்தப் பெட்டியை அதிரவைக்கும்? வைக்கும். அவளுக்குத் தெரியும். பின்பக்கம் திருப்பி ஓம்ஸ் எண்களைப் படித்தாள். சபையின் பெட்டிக்குப் பொருந்தும்.

“இதுவே போதும்ணே.”

“பெருசுதான் பிள்ளே கெத்து. வரப்போற பையனும் பெருசுதான் கேப்பான். தூக்குறதுக்கு ஆம்பளப் பசங்க இருக்கானுவல்லா?”

“இது சூடாகாதுண்ணே. கரண்ட் கம்மியா இழுக்கும். விலையும் பாதிதான்.”

மூன்றும் உண்மை. நான்காவதை, அதைத் தன்னாலேயே தூக்கமுடியும் என்பதை, விழுங்கிக்கொண்டாள்.

ரூபனுக்குப் பதிலாக வரப்போகிற பையன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை முதல் வருவான். பழகுவதற்காகக் கிட்டாரை விடுதிக்கே கொண்டுபோவான் என்று வரும் வழியில் அண்ணன் சொன்னார். நல்ல செய்திபோலச் சொன்னார்.

இனிப் பின்னறையில் நாற்காலிகள் மட்டும் இருக்கும்.

கடைக்காரர் ஒயரைப் பெரியதிலிருந்து பிடுங்கிச் சின்னதில் சொருகினார். பச்சை விளக்கு எரிந்தது.

“நீங்க தட்டிப் பாத்து ஒண்ணும் தெரியாது சார். வாசிக்கப்போற ஆளு கைப்பட ஒரு தடவ வாசிச்சுப் பாத்திரணும். கூட்டிட்டு வந்திருக்கலாம்லா?”

“அதுவுஞ் சரிதான். பக்கத்துலதான் விடுதி. அவனையே வரச் சொல்லிருவோம்.”

அண்ணன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கை போதவில்லை.

“இதக் கொஞ்சம் புடி பிள்ளே.”

கிட்டார் அவள் மடிக்கு வந்தது. இடது கை தானாகக் கழுத்தைப் பற்றியது. வலது கையின் விரல்கள் கம்பிகளின் மேல் போய் நின்றன. ஒரு கம்பிகூட ஒலிக்கவில்லை. சின்ன ஹெட் விழித்தபடி காத்திருந்தது.

தலை தன்னால் கீழே சாய்ந்தது. தாடை மரத்தைத் தேடியது.

தொடுவதற்கு முன் நிமிர்ந்துகொண்டாள்.

எலும்புக்கு வெளியே அது எப்படி ஒலிக்கும்? எட்டு மீட்டர். கடையைத் தாண்டி, பூ கட்டுகிறவளைத் தாண்டி. ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே அழைத்துக்கொள்ள முடியாது.

போனின் மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.

“கட் பண்ணுங்கண்ணே.”

அண்ணன் திரும்பினார். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.

“வாசிக்கப்போற ஆளக் கூட்டிட்டுத்தான் வந்திருக்கீங்க.”