பரணில் கிடந்தவை

தேனி கடைவீதியில் சுந்தர்ராஜின் ஜவுளிக்கடையில் மூன்று நாளாக ஏசி குளிரவில்லை. பழுது பார்க்க வந்த ஜெபஷீலா வெப்பக் கேமராவைச் சுற்றிலும் திருப்பினாள். சூடான இடமெல்லாம் திரையில் சிவப்பாகத் தெரிந்தது.

“அந்தச் சேலைக்கட்டு மேல என்ன சிவப்பு?” என்றார் சுந்தர்ராஜ்.

“யாரோ இப்பத்தான் உக்காந்து எந்திரிச்சிருக்காக சார்.”

வேலை நேரத்தில் உட்கார்ந்தால் அந்தக் கடையில் வேலை போய்விடும்.

“நான்தான்,” என்றாள் விற்பனைப் பெண் பூமாரி. “காலைல இருந்து நின்னு காலு வீங்கிருச்சு. நாளைக்கும் உக்காருவேன்.”

“நாளைக்கு நீ இங்கன இருந்தாத்தான?”

அதற்குள் ஜெபஷீலா ஏணியில் ஏறியிருந்தாள். “சார், மிஷின் நல்லாருக்கு. ஏசிக்கு முன்னால பரண்ல எதையோ அடைச்சு வச்சிருக்கீக. குளிரு அங்கனயே தேங்கி நிக்கிது.”

“அது அங்கனயே இருக்கட்டும்.”

“இருந்தா ஏசி குளிராது.”

பூமாரியே ஏறி ஒவ்வொன்றாக இறக்கினாள். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபோது, அதிகாரிக்குக் காட்ட வாங்கி, மறுநாளே பாலித்தீன் சுற்றி மேலே ஏற்றிய பன்னிரண்டு ஸ்டூல்கள்.

“இதுகள இப்ப எங்கன வைக்கிறது?” என்று முனகினார் சுந்தர்ராஜ்.

“இங்கன,” என்று ஒன்றை அவருக்கு நேரெதிரே போட்டு உட்கார்ந்தாள் பூமாரி. மற்ற விற்பனைப் பெண்களும் ஆளுக்கொன்றை இழுத்துப் போட்டார்கள். மறுநாள் ஆடித் தள்ளுபடி. அத்தனை பேரையும் அவர் எப்படி வேலையை விட்டு அனுப்புவார்?