இரண்டு கையும்

எல்லோரும் கைகூப்பிவிட்டோம். என் மச்சினன் மட்டும் கூப்பவில்லை.

தேடி வந்து என் எதிரிலேயே நின்றான். இந்தப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. வலது பக்கம் பேன்ட் பாக்கெட்டுக்குள் செருகியது செருகியபடி. திமிர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு எத்தனை கும்பிடு போட்டவன்! பெண்டாட்டியின் தம்பியாயிற்றே என்று நான்தான் இந்த அச்சகத்தில் சேர்த்துவிட்டேன். சூப்பர்வைசரின் மச்சினன் என்பதால்தான் கட்டிங் மிஷினையே அவனிடம் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து இன்று காலைதான் உள்ளே வந்தான். என்னைத் தவிர எல்லோரிடமும் சிரித்தான்.

யோகா, முதலாளியின் யோசனை. அந்த விபத்துக்குப் பிறகு ஆட்களின் மனசு சரியில்லையாம். சரியாக்க ஒரு டீச்சரம்மாவை வரவழைத்திருந்தார். காகிதக் கட்டுகளை ஓரமாகத் தள்ளி, மிச்ச அட்டைகளைத் தரையில் விரித்தோம்.

‘காலை ஒன்பது மணிக்கு யோகா, அனைவரும் வரவும்’ என்று கதவில் ஒட்டியதும் நான்தான். பழுப்பு டேப், நுனியை மடித்து. மடித்துவிட்டால் வேண்டும்போது ஒரே கையால் உரித்துவிடலாம். மற்றவர்கள் நகத்தால் சுரண்டிக்கொண்டே கிடப்பார்கள். என் காதைக்கூட நுனி மடித்துத்தான் ஒட்டியிருக்கிறது என்று பைண்டிங் பெண்கள் கேலி செய்வார்கள்.

பதினோரு மணிக்கு விசாரணை அதிகாரி வருவதாக இருந்தது. என் இருபத்திரண்டு வருஷ வேலை இந்தப் பயலின் வாயில் இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். கட்டிங் மிஷினில் இரண்டு பொத்தான்கள், ஒரு கைக்கு ஒன்று. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் கத்தி இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் கத்திக்குக் கீழே இருக்காது அல்லவா, அதற்காகத்தான்.

அவசர வேலை என்றால் ஒரு பொத்தானை அழுத்தி, மேலே டேப் போட்டுவிடுவது உண்டு. ஒரு கை அழுத்தும், மறு கை காகிதத்தை நகர்த்தும். வேலை பறக்கும். யாரும் செய்யாததா?

அன்றும் டேப் போட்டிருந்தது. போட்டது அவன்தான் என்று நான் எழுதிக் கொடுத்தேன். டேப்பை அதிகாரிகள் தேடினார்கள். அதற்கு முன்னால் நானும் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த அமளியில் யார் செருப்பில் ஒட்டிக்கொண்டு போயிற்றோ. தொலைந்ததும் நல்லதுதான்.

‘ஆமாம், நான்தான் போட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவனுக்கு ஆக வேண்டியது ஆகிவிட்டது. எனக்கு இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கிறது. இதைத்தான் மனைவியிடம் சொல்லி அனுப்பினேன். அவள் போனாளா, சொன்னாளா, தெரியாது. மூன்று மாதமாக அவள் என்னோடு பேசுவதெல்லாம் தட்டை வைக்கிற சத்தத்தில்தான்.

டீச்சரம்மா நடுவில் நின்று விளக்கினாள்.

“நமஸ்தேன்னா சும்மா ஹலோ இல்லீங்க. எனக்குள்ள இருக்கறது, உங்களுக்குள்ள இருக்கறதப் பார்த்து வணங்குது. அதான் அர்த்தம்.”

எனக்குள் இருந்தது எனக்குத் தெரியும். அவனை ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது.

‘நம’ என்றால் ‘என்னுடையது அல்ல’ என்றும் சிலர் பொருள் சொல்வார்களாம். அது எனக்குப் பிடித்தது. அறிக்கையில் நானும் அதையேதான் எழுதியிருந்தேன், ஒன்றரைப் பக்கத்துக்கு நீட்டி.

கைகளை இன்னும் இறுக்கிக் கூப்பினேன். தலையையும் கொஞ்சம் தாழ்த்தினேன். சூப்பர்வைசர் இறங்கித்தான் வந்தார், மச்சினன்தான் முறுக்கிக்கொண்டு நின்றான் என்று அதிகாரியிடம் நாலு பேர் சொன்னால் போதும்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சரம்மா ஒவ்வொருவராகத் திருத்திக்கொண்டே வந்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றாள். இன்றுதான் அவளுக்கு முதல் நாள், யாரையும் தெரியாது. இரண்டு கையும் சேர வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அவன் வலது முழங்கையைப் பிடித்து மெல்ல வெளியே எடுத்தாள்.

சட்டைக் கை வந்தது. கை வரவில்லை.

மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்திலிருந்து வெறும் துணி தொங்கியது.

டீச்சரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பைண்டிங் பெண்களில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவனே நான்தான், எனக்கென்ன புதிதா? இதைக் காட்டத்தானே என் எதிரில் வந்து நின்றாய் என்று மனசுக்குள் திட்டினேன்.

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. முதலாளியின் குரல் யாரையோ வரவேற்றது. அதிகாரி சீக்கிரமே வந்துவிட்டார்.

அவன் இடது கையைத் தூக்கி மார்புக்கு நேராக நிறுத்தினான். பாதிக் கும்பிடு. காலையிலிருந்து என்னோடு பேசாதவன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

“வணக்கம், மாமா.”

உள்ளங்கையை என் பக்கம் திருப்பினான்.

மடக்கிய கட்டைவிரலுக்கு அடியில் ஒரு துண்டு பழுப்பு டேப். பசை போய், ஓரமெல்லாம் காய்ந்து கறுத்திருந்தது.

நுனி மடித்திருந்தது.