ஞாயிற்றுக்கிழமை பெஞ்சு

துபாய் எல்லையை ஒட்டிய ஷார்ஜா பூங்காவில், மூன்றாவது ஞாயிறாக அதே பெண்ணோடு உட்கார்ந்திருந்தான் அறைத்தோழன் மணிமாறன். பாண்டித்துரைக்கு ரத்தம் கொதித்தது. நேரே போய் நின்றார்.

“ஏன்டா, ஊர்ல தாலி கட்டுனவ ஒருத்தி இருக்கும்போது உனக்கு இது அடுக்குமா?”

மணிமாறன் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண் எழுந்தாள்.

“அவ ஊர்ல இல்லண்ணே. வேலைக்கு வந்து மூணு மாசமாச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம், துபாய்ல லேடீஸ் ரூம்ல ஒரு பெட்டு. இவருக்கு இந்தப் பக்கம் உங்க ரூம்ல ஒரு பெட்டு. சேர்ந்து இருக்கத் தனி ரூம் எடுத்தா, ரெண்டு பேர் சம்பளமும் வாடகைக்கே போயிரும்.”

“இதெல்லாம் உனக்கெப்படித் தெரியும்?”

அவள் தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள்.

“கட்டுன புருஷன்கூட உக்காந்து பேச எனக்கு இந்த பெஞ்சுதாண்ணே கெடச்சிருக்கு. இங்கயும் வந்து நாட்டாமை பண்றீங்களே!”