முதல் ஆள் யாருக்கு?

பிரசாத் வேண்டுமென்றேதான் தோற்றான். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

கூடைக்கு நேர் கீழே தனியாக நின்றுகொண்டு, பந்தை எதிரணிக்காரன் கையில் பதவிசாகக் கொடுக்கிறவனை வேறு என்னவென்று சொல்வது?

ஆக்லாந்து தமிழ்க் கூடைப்பந்து லீக் என்று பெயர்தான் பெரிது. வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட ஜிம், பேட்டைக்கு ஒன்றாக நாலு அணி, ஏகப்பட்ட தொப்பை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் சட்டதிட்டம் மட்டும் அமெரிக்காக்காரன் போட்டது மாதிரி. புது ஆட்களை அணித் தலைவர்கள் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் உரிமை. நொந்துபோன அணிக்கு ஒரு நல்ல ஆள் கிடைக்கட்டுமே என்ற நல்லெண்ணம்.

இந்தத் தடவை அடுத்த சீசனுக்குப் பெயர் கொடுத்தவன் மதன்குமார். ஆறடிக்கும் மேலே. கோயம்புத்தூரில் கல்லூரி அணிக்கு ஆடியவன், இங்கே ஒரு கிடங்கில் வேலை. அவனைப் பார்த்ததும் எல்லாத் தலைவர்களுக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. கிளென்ஃபீல்ட் அணித் தலைவன் பிரசாத் தோற்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

செயலாளர் குலசிங்கம் விடுவாரா? ஒடாஹுஹு அணிக்கும் அவர்தான் தலைவர். இறுதியாட்டத்தில் ஒரே புள்ளியில் கோப்பையைக் கோட்டை விட்டவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை. சீசன் முடிந்த கையோடு கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

“தம்பி, நேராக் கேக்கிறன். வேணுமெண்டுதானே தோத்தனீர்? ஓமோ, இல்லையோ?”

பிரசாத் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான்.

“வாய் திறக்கிறார் இல்லை, பாத்தியளே? இனி இந்தக் கதையே வேண்டாம். சீட்டுக் குலுக்கல். ஒவ்வொரு அணிக்கும் ஒரு சீட்டு. முதல் வாற சீட்டுக்கு முதல் உரிமை. கிடைச்ச ஆளைப் பிறகு தங்களுக்குள்ள மாத்திக்கொள்ளவும் ஏலாது. தோத்தா ஒரு லாபமும் இல்லை எண்டு ஆகட்டும்.”

ஜிம்மே கைதட்டியது. பிளாட் புஷ் தலைவன் யசீகரன்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினான்.

ஐஸ்கிரீம் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கி, யசீகரனையே எடுக்கச் சொன்னார்கள். வந்தது ஒடாஹுஹு. குலசிங்கத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கோப்பையே கைக்கு வந்த மாதிரி.

பெயர் கூப்பிடுவதற்கு முன்னால் டீ. பிரசாத் அவரைக் கார் நிறுத்தும் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“அண்ணா, நீங்க மதனைத்தான் எடுப்பீங்களா?”

“பின்னை? உம்மை எடுக்கிறதோ?”

“அவனுக்கு முழங்கால் போயிடுச்சுண்ணா. என்கூடத்தான் தங்கியிருக்கான், எனக்குத் தெரியும். வேலைக்குப் போகலாம், ஆனா ஓடக் கூடாது, குதிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை திருகிச்சுன்னா ஆபரேஷன்தான். மாசக்கணக்கா படுத்தான்னா வேலை நிக்காது. வேலை போனா விசாவும் போயிடும்.”

“பிறகு என்ன விசருக்குப் பேர் குடுத்தவன்?”

“இங்க அவனுக்கு யாரு இருக்காங்க? ஞாயித்துக்கிழமை இங்க வரலைன்னா ரூம்ல சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருப்பான். ஒரு டீம் சட்டையைப் போட்டுட்டு ஓரமா உக்காந்தாக்கூட அவனுக்குப் போதும். ஆனா எந்த கேப்டன் உக்கார விடுவாரு? ‘இறங்குடா’ன்னா இறங்கிடுவான். மாட்டேன்னு சொல்லத் தெரியாது அவனுக்கு.”

“எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னால் முடிஞ்சுதே?”

“யசீகரன்தான் கிடங்குல அவன் சூப்பர்வைசர். தெரிஞ்சா வேலையில கை வச்சிருவாங்களோன்னு பயம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். என் டீமா இருந்தா நான் உக்கார வச்சிருப்பேன். அதுக்குத்தாண்ணா தோத்தேன். இது அவனுக்குத் தெரியாது.”

குலசிங்கம் கோப்பையில் மிச்சமிருந்த டீயைப் புல்லில் ஊற்றினார்.

“போட்ட சட்டம் போட்டதுதான். மாத்தேலாது,” என்றார். உள்ளே போய்விட்டார்.

முதலில் கூப்பிட்ட பெயர் மதன்குமார். பிரசாத் குலசிங்கத்தை முறைத்தான். கல்நெஞ்சக்காரன், சொல்லியும் கேட்கவில்லையே. விஷயம் தெரியாத மதன் வெட்கமாகச் சிரித்துக்கொண்டே வந்து சட்டையை வாங்கிக்கொண்டான்.

புது சீசனின் முதல் ஆட்டம், ஒடாஹுஹுவுக்கும் பிளாட் புஷ்ஷுக்கும். பிரசாத் பதைபதைப்போடு வந்து உட்கார்ந்தான்.

குலசிங்கம் மதனின் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

“இவர் எங்கட கோச். கோச் ஆடுறதில்லை. சொல்லிப்போட்டன்.”

மதனின் இடத்தில், கூடைக்கு அடியில் போய் நின்றது அவரேதான், தொப்பையோடு. பந்து அவர் தலைக்கு மேலேயே போய் வந்துகொண்டிருந்தது. மதனுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அப்படி ஒரு சந்தோஷத்தில் பிரசாத் அவனை வீட்டில் பார்த்ததே இல்லை.

ஒடாஹுஹு படுதோல்வி. யசீகரன் நேரே வந்தான்.

“அண்ணை, உப்பிடி உயரமான ஆளை இருத்திப்போட்டு நீங்கள் நிண்டு ஆடுறியள். வேணுமெண்டுதானே தோத்தனீங்கள்? ஓமோ, இல்லையோ?”

பிரசாத் பதறி எழுந்தான். குலசிங்கம் மூச்சு வாங்கிக்கொண்டே அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

“ஓம்.”

யசீகரனுக்குத் தலை சுற்றியது.

“தோத்தா ஒரு லாபமும் இல்லையெண்டு சட்டம் போட்டதே நீங்கள்தானே?”

“அது லாபத்துக்குத் தோக்கிற ஆக்களுக்குத் தம்பி,” என்றார் குலசிங்கம்.